புகையடுப்புக்கு நல்ல கரி

(டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வார இறுதியில் வீட்டுப் பின்முற்றத்தில் ஸ்மோக்கரை, அதாவது புகையடுப்பை, மூட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இறைச்சியை மெல்ல வேகவைப்பது உங்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. எந்த அடுப்பு வாங்கலாம், மசாலாவில் மிளகு எவ்வளவு, உப்பை முதல் நாள் இரவே தடவ வேண்டுமா என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கரியை மட்டும், கடையில் எது மலிவோ அதை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். நேரடியாகச் சுடும் கிரில்லுக்குச் சுமாரான கரி போதும். புகையடுப்புக்குப் போதாது. ஏன் போதாது என்பது புரிந்துவிட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

கிரில்லில் என்ன செய்கிறோம்? கரி முழுவதையும் ஒரேயடியாகப் பற்றவைக்கிறோம். முதலில் எழும் புகை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைக்கிறோம். கரியில் தங்கியிருந்த வேண்டாத வாயுக்களெல்லாம் அதற்குள் காற்றோடு போய்விடுகின்றன. புகையடுப்பில் நிலைமை வேறு. உள்ளே 225 முதல் 275 பாரன்ஹீட் வரை, அதாவது 107 முதல் 135 செல்சியஸ் வரை, வெப்பம் பல மணி நேரம் சீராக நிற்க வேண்டும். அதற்காகக் கூடை நிறையப் பற்றவைக்காத கரியைக் கொட்டி, அதன் மேல் கொஞ்சம் கனிந்த கரியைப் பரப்புகிறோம். நெருப்பு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மெல்ல ஊர்ந்து போகிறது. ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையல்காரரால் பரவியதால் இதை மினியன் முறை என்கிறார்கள். வட்ட அடுப்பின் விளிம்பில் கரியை வளைத்து அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைக்கும் முறையும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மூன்றாவது மணியிலும் புதுக்கரி பற்றுகிறது, ஏழாவது மணியிலும் புதுக்கரி பற்றுகிறது. ஒவ்வொரு துண்டும் தன் முதல் புகையை விடும்போது மேலே இறைச்சி இருக்கிறது. மூடியும் மூடியிருக்கிறது. கிரில்லில் காற்றோடு போன அந்த முதல் புகை இங்கே முழுக்க இறைச்சியின் மேல்தான் படியும். எனவே புகையடுப்புக்கான கரியிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, பற்றும்போது எவ்வளவு சுத்தமாகப் பற்றுகிறது என்பது. எவ்வளவு சூடாக எரிகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கரி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். போதிய காற்று கிடைக்காமல் விறகைச் சூடேற்றினால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. ஏறத்தாழ 280 செல்சியஸைத் தாண்டியதும் மரம் தானாகவே சிதைந்து வெப்பத்தை வெளிவிடத் தொடங்குகிறது. தாரும் அமிலமும் எரியக்கூடிய வாயுக்களும் அப்போது வெளியேறுகின்றன. 400, 500 செல்சியஸ் வரை போய் நிதானமாக வெந்த கரியில் எஞ்சுவது பெரும்பாலும் கரிமம். அவசரப்பட்டு இடையில் நிறுத்திய கரியில் தாரும் வாயுவும் தங்கிவிடும். இப்படிப்பட்ட கரி சீக்கிரம் பற்றும். அதனாலேயே பலர் அதை நல்ல கரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பற்றும்போது எழும் மஞ்சள் கலந்த அடர்ந்த புகைதான் இறைச்சியின் மேல் கசப்பாகப் படிகிறது.

மறுமுனையில் ஜப்பானின் பின்சோத்தான் கரி இருக்கிறது. கீஷூ என்று அழைக்கப்படும் வாகயாமா பகுதியில் உபாமே என்னும் ஓக் மரத்தை நாட்கணக்கில் வேகவைத்து, கடைசியில் சூளைக்குள் காற்றை விட்டு 1000 செல்சியஸ் அளவுக்கு ஏற்றுகிறார்கள். பழுக்கப் பழுக்க வெளியே இழுத்து ஈரச் சாம்பலும் மணலும் போட்டு அணைக்கிறார்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். கையில் கறை ஒட்டாது. புகை அநேகமாக இல்லை. அதன் விலையில் பன்னிரண்டு மணி நேரம் புகையடுப்பை ஓட்டச் சொல்ல மாட்டேன். அது கோழித் துண்டுகளைக் கம்பியில் கோத்து நேரடியாக வாட்டுவதற்கு உரிய கரி. முழுமையாக வெந்த கரி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் அளவுகோலாக அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைப் போக்க வேண்டும். ஹிக்கரிக் கரி வாங்கினால் ஹிக்கரி வாசனை வரும், ஓக் கரி வாங்கினால் ஓக் வாசனை வரும் என்று பையின் மேல் படம் போட்டு விற்கிறார்கள். புகையின் மணத்துக்குக் காரணமான குவாயகால், சிரிங்கால் போன்ற பொருள்கள் மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது பிறப்பவை. விறகு கரியாகும்போதே அந்த லிக்னினில் பெரும்பகுதி சிதைந்து, மணம் சூளையோடு போய்விடுகிறது. நன்றாக வெந்த கரியில் மரத்தின் தனி மணம் மிஞ்சுவது மிகக் குறைவு. மணம் வேண்டுமா, உலர்ந்த ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி மரக்கட்டைகளைக் கைப்பிடி அளவுத் துண்டுகளாக வாங்கி, கரிக்கு நடுவே மூன்று நான்கு புதைத்து வையுங்கள். கரி வெப்பம் தரட்டும், கட்டை மணம் தரட்டும். கரியே மணக்கிறது என்றால் அது சரியாக வேகவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இனி கடைக்குப் போவோம். இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று மரத்துண்டின் வடிவத்திலேயே இருக்கும் கட்டைக்கரி, இங்குள்ளவர்கள் லம்ப் என்கிறார்கள். மற்றொன்று தலையணை வடிவில் அச்சிட்ட பிரிக்கெட்.

பிரிக்கெட்டின் வரலாறு சுவையானது. 1897-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் ஸ்வாயர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது ஹென்றி ஃபோர்டால். அந்நாளைய மாடல் டி காரில் மரம் நிறையப் பயன்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டன் பகுதியில் ஃபோர்டு நிறுவனம் காடு வாங்கி, அறுவை ஆலை வைத்தது. நிலம் வாங்க உதவியவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு. ஃபோர்டின் ஒன்றுவிட்ட சகோதரியை மணந்தவர். ஆலையில் மலைபோல் குவிந்த கழிவு மரத்தையும் தூளையும் வீணாக்க ஃபோர்டுக்கு மனமில்லை. ஆரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஆரின் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய முறையில், 1920-களில் அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்து, அச்சில் அழுத்தினார்கள். ஃபோர்டு கார் விற்ற கடைகளிலேயே அந்தக் கரியும் விற்றது. 1951-இல் தொழில் கைமாறி கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயர் பெற்றது. மறு ஆண்டு சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் மிதவை செய்யும் உலோகக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடிபோட்ட வெபர் அடுப்பைச் செய்தார். அமெரிக்கப் பின்முற்றச் சமையலின் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்துதான் கிளைத்தது.

பிரிக்கெட் மட்டம், கட்டைக்கரி உசத்தி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊர வேண்டும் என்றேன் அல்லவா? அதற்கு ஒரே அளவுத் துண்டுகள் பெரிய வசதி. கட்டைக்கரிப் பையில் ஒரு துண்டு முழங்கை நீளமும் அடுத்தது நெல்லிக்காய் அளவும் இருக்கும். பெரிய துண்டுகளுக்கிடையே இடைவெளி விழுந்தால் நெருப்பு அணையும், தூள் அடைத்தால் காற்று நிற்கும், நடுராத்திரியில் வெப்பமானி சரிந்து நிற்கும். கீழே கரிக்கூடையும் மேலே தண்ணீர்த் தட்டும் கொண்ட குத்துவாட்டு அடுப்புகளில், சுத்தமான பிரிக்கெட் எட்டு மணி நேரம் சொன்னபடி கேட்பதைக் கண்டிருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியது அதில் என்ன கலந்திருக்கிறது என்பது. பல பிரிக்கெட்டுகளில் மரக்கரியோடு பழுப்பு நிலக்கரியும், சாம்பல் வெளுக்கச் சுண்ணாம்புக்கல்லும், சீக்கிரம் பற்ற சோடியம் நைட்ரேட்டும் சேர்ந்திருந்தன. இன்று மரக்கரியும் மாவுப்பசையும் மட்டுமே கொண்ட பிரிக்கெட்டுகள் கிடைக்கின்றன. பையில் உட்பொருள்களைத் தெளிவாக எழுதியிருந்தால் வாங்குங்கள். எழுதாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெட்ரோலிய எண்ணெய் ஊறிய, தீக்குச்சி காட்டினால் பற்றும் பிரிக்கெட்டைப் பற்றி எனக்குச் சமரசமே கிடையாது. அதைப் புகையடுப்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏழாவது மணியில் பற்றும் துண்டிலிருந்தும் அந்த எண்ணெய் ஆவி கிளம்பும். தனியாக ஊற்றும் பற்றவைப்பு எண்ணெயும் வேண்டாம். கீழே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து மேலே கரியைப் போட்டுப் பற்றவைக்கும் சிம்னி என்ற தகரக் குழாயை ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும்.

முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு, அதாவது கமாடோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கட்டைக்கரிதான் என்று உறுதியாகச் சொல்வேன். அதில் காற்று நுழையும் வழி குறுகியது. பிரிக்கெட் விடும் அதிகச் சாம்பல் அந்த வழியை அடைத்துவிடும். கனமான கட்டைக்கரியைப் பெரிய துண்டு அடியிலும் சிறியவை மேலுமாக அடுக்கினால், ஒரு கூடைக் கரி இரவு முழுக்கத் தாங்கும்.

கட்டைக்கரியை எப்படிச் சோதிப்பது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கரிக்குப் பொருந்தாது. ஒரே பையில் நன்கு வெந்ததும் வேகாததும் கலந்து கிடக்கும். ஆகவே புதிதாக ஒரு வகை வாங்கினால், முதல் பையை முழுவதும் ஒரு தார்ப்பாயில் கொட்டிப் பாருங்கள். கருமைக்குப் பதில் பழுப்பாக இருக்கும் துண்டுகள் பாதி வெந்தவை. உடைத்துப் பாருங்கள். நன்றாக வெந்தது சட்டென்று முறியும், முறிந்த முகம் பளபளக்கும், மரத்தின் ரேகை அப்படியே தெரியும். வேகாதது நாராகக் கிழியும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம் ஏறியிருக்கலாம், அல்லது மென்மரமாக இருக்கலாம். கையில் தூக்கினால் கனமாக இருப்பது அடர்ந்த மரத்தின் கரி. மெதுவாக எரியும். தக்கைபோல் லேசானது சீக்கிரம் தீரும்.

சில பைகளில் சதுரமாக அறுத்த துண்டுகள் வரும். தரைப்பலகை, மேசை நாற்காலி செய்யும் ஆலைகளின் மிச்சம் அது. அறுத்த மரம் என்பதாலேயே தள்ள வேண்டியதில்லை. சாயமோ வார்னிஷோ பூசாத வன்மரமானால் குற்றமில்லை. ஆனால் அடுக்கடுக்காக ஒட்டிய பிளைவுட்டின் சாயல் தெரிந்தால், ஆணியோ உலோகமோ கிடைத்தால், அந்தப் பையை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டுப்பசையும் மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் மருந்தும் நெருப்பில் என்னவாக மாறும் என்று வீட்டில் யாரும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

ஐரோப்பாவில் சமையல் கரிக்கு ஈ.என். 1860-2 என்றொரு தரவிதி இருக்கிறது. கட்டைக்கரியில் நிலைக்கரிமம், அதாவது தாரும் வாயுவும் போக எஞ்சும் கரிமம், 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, சாம்பல் 8 விழுக்காட்டையும் ஈரம் 8 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது, 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூளும் துணுக்கும் 7 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. பிரிக்கெட்டுக்கு நிலைக்கரிமம் 60, சாம்பல் 18 வரை. நிலைக்கரிமத்தை வீட்டில் அளக்க முடியாது. சாம்பலை அளக்கலாம். இறைச்சி இல்லாமல் ஒரு கிலோ கரியை மட்டும் சிம்னியில் முழுவதும் எரியவிட்டு, மறுநாள் ஆறிய சாம்பலை நிறுத்துப் பாருங்கள். கட்டைக்கரியில் 80 கிராமுக்கு மேல் இருந்தால் அந்த வகையை விட்டுவிடலாம். எரியும்போது பக்கத்தில் நின்று முகர்ந்தும் பாருங்கள். கண் எரிந்தாலோ தார் வாடை அடித்தாலோ அது இறைச்சிக்கும் ஆகாது. பையின் படம் சொல்லாத செய்தியை இந்தச் சோதனை சொல்லிவிடும்.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கரி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கராஜின் சிமெண்ட் தரையில் வாய் திறந்த காகிதப் பையில் ஆறு மாதம் கிடந்த கரி, வாங்கியபோது இருந்த கரியல்ல. மூடியுள்ள டப்பாவில் போட்டு, தரைக்கு மேல் வையுங்கள். நனைந்த பிரிக்கெட்டில் மாவுப்பசை இளகி உதிர்ந்துவிடும். அதைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று மெனக்கெட வேண்டாம்.

மரங்களைப் பற்றிப் பேசும்போது டெக்ஸாஸில் இருந்துகொண்டு மெஸ்கீட்டைச் சொல்லாமல் போக முடியாது. நெடுஞ்சாலையின் இருபுறமும் நிற்கும் அந்த முள்மரம் நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினமாக நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்டவை. அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய சீமைக் கருவேலத்தின் விதை 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. இன்று ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு. கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, புகையின் நிறம் பார்த்தே உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று கணித்து, கண்ணுறக்கம் இல்லாமல் காவல் காக்கும் வேலை அது. வெள்ளையாக வரும் புகை மெலிந்து நீலமாகும்போது மூட்டம் வெந்துவிட்டது என்பது அவர்கள் அறிவு. புகையடுப்பின் மேல்வழியில் நாம் எதிர்பார்க்கும் மெல்லிய நீலப்புகையும் அதே அறிவைத்தான் சொல்கிறது. அந்தத் தொழிலாளர்களிடம் பாடம் கேட்டால் இந்த அவைக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

மெஸ்கீட் கரி அடர்த்தியானது, மிகச் சூடாக எரியும், எரியும்போது வெடித்துப் பொறி பறக்கும். தீயில் வாட்டும் மாட்டிறைச்சிக்கு அது அருமை. நீண்ட நேரப் புகைக்கு நான் ஓக் அல்லது ஓக்கும் ஹிக்கரியும் கலந்த கரியையே பரிந்துரைப்பேன். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் அச்சிட்ட பிரிக்கெட்டும் இப்போது இங்கே கிடைக்கிறது. சாம்பல் குறைவு, வாடை அநேகமாக இல்லை, நீண்ட நேரம் நிற்கும். பற்றச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் தொடக்கத்தில் கனிந்த கரியைக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். விலை கட்டுப்படியானால் தயங்காமல் வாங்கலாம்.

கரியைக் கடையில் வாங்காமலே செய்கிறவர்களும் உண்டு. வட கரோலினாவின் பழைய பன்றி இறைச்சிக் கடைகளில், ஓக், ஹிக்கரி விறகைத் தனியே எரித்து, கனிந்து விழும் தணலை மண்வெட்டியால் அள்ளி, குழியில் கிடக்கும் இறைச்சிக்கு அடியில் பரப்புகிறார்கள். ஏய்டன் ஊரில் 1947 முதல் இயங்கும் ஸ்கைலைட் இன் இதில் பெயர் பெற்றது. விறகின் முதல் புகை வேறிடத்தில் போய்விடுகிறது. இறைச்சியின் அடியில் சேர்வது சுத்தமான தணல். நான் தொடக்கத்தில் சொன்ன கொள்கையை அவர்கள் தலைமுறைகளாகச் செய்துகாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய டெக்ஸாஸின் லாக்ஹார்ட் கடைகளில் கரியே இல்லை. போஸ்ட் ஓக் விறகுதான். அது வேறு கலை, வேறு நாளைக்குரிய பேச்சு.

கடைசியாக இரண்டு கவலைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இந்தக் கரி எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பது. சோமாலியாவின் வேல மரங்களை வெட்டிக் கரியாக்கிக் கப்பலேற்றிய பணம் ஆயுதக் குழுக்களுக்குப் போனதால், 2012-இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை அந்நாட்டுக் கரி ஏற்றுமதியைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. பராகுவேயின் சாக்கோ காடுகள் கரிக்காகவும் மாட்டுப் பண்ணைகளுக்காகவும் அழிகின்றன. அதற்கு நேர்மாறாக நமீபியாவில், புல்வெளியை மூடி வளர்ந்துவிட்ட புதர்களை வெட்டிக் கரியாக்குகிறார்கள். அது நிலத்துக்கு நன்மை செய்யும் கரி. எனவே பையில் மரத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இருக்கிறதா, காட்டுப் பராமரிப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே எழுதாத மலிவுப் பையை வாங்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள்.

மற்றொன்று உயிர் பற்றியது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை விடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. எவ்வளவு நல்ல கரியானாலும் இதில் விலக்கு இல்லை. புகை குறைந்த கரி என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் கரிப் பை ஒவ்வொன்றிலும் இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். மழை வந்தாலும் குளிர் வந்தாலும் அடுப்பை கராஜுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டாலும் சரி. சமையல் முடிந்த சாம்பலுக்குள் தணல் மறுநாள்கூட உயிரோடிருக்கும். மூடிபோட்ட இரும்பு வாளியில் இரண்டு நாள் ஆறவைத்த பிறகே குப்பையில் கொட்டுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.